கருக்கும், பயந்துக்காத

ரயில் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஸ்டேஷன் போனால் போதும், உள்ளங்கையில் அந்த வாடை ஏறிவிடும். இரும்பு வாடை. வியர்வையும் துருவும் கலந்து, லேசாகப் புளித்து, நாக்கின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும் வாடை. சோப்புப் போட்டாலும் முழுக்கப் போகாது. எனக்கு நாற்பதைத் தாண்டிவிட்டது. ஓரிடத்தில் தங்காத கால் எனக்கு, எத்தனையோ ஊர்களில் எத்தனையோ ரயில்கள் ஏறி இறங்கியாயிற்று. ஆனாலும் எந்த ரயிலில் கையை முகர்ந்தாலும் மனசு போய் இறங்குகிற ஊர் ஒன்றுதான். கும்மிடிப்பூண்டி. எழுபதுகளின் நடுவில் ஏதோ ஒரு வருஷம். எதிர் சீட்டில் என் அக்கா புருஷன், என் மாமா, வயிற்றுத் தையல் மேல் ஒரு கையை வைத்துக்கொண்டு, மறு கையால் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

ஊரைச் சுற்றிக் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்த காலம். பொன்னேரிப் பக்கம் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த கைகள் ஷிப்டுக்குப் போக ஆரம்பித்திருந்தன. மாமாவின் கையும் அப்படி வந்த கைதான். ரோலிங் மில்லில் இடுக்கி பிடிக்கிற வேலை. உருளைகளுக்கு நடுவிலிருந்து செக்கச் சிவந்த கம்பி சீறிக்கொண்டு வரும். அதன் தலையை இடுக்கியால் கவ்வி, உடம்போடு ஒரு சுழற்றுச் சுழற்றி, அடுத்த உருளைக்குள் விட வேண்டும். ஒரு கணம் பிந்தினால் கம்பி காலைச் சுற்றிக்கொள்ளும். மாமா அதை ஒரு ஆட்டம் போலச் செய்வார். நான் அதே மில்லின் கேட்டில் டைம் ஆபீஸில் தற்காலிக வேலை பார்த்துக்கொண்டு, அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டு, பம்பாய்ப் பக்கம் எழுதிப்போட்ட வேலைக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

முதலில் மாமாவின் நிறம் போயிற்று. அவர் நல்ல கருப்பு. கருப்பு வெளுத்தால் சாம்பல் பூத்தது போலாகும் என்பதை அவர் முகத்தில்தான் பார்த்தேன். பிறகு மூச்சு. நாலு எட்டு நடந்தால் நின்று, "பீடி பத்த வெச்சிக்கிறேன்டா" என்பார். பீடி பற்ற வைக்கத்தான் நிற்கிறார் என்று நாங்களும் நம்பினோம். மில்லில் ஒரு பேச்சு உண்டு: உலை ஆளோட ரத்தத்தக் குடிச்சிடும். உலைப் பக்கம் நிற்கிறவர்கள் எல்லாரும் மோரும் நீராகாரமுமாகக் குடித்து அந்தக் கணக்கைத் தீர்ப்பார்கள். மாமாவும் குடித்தார். உலை குடிக்கவில்லை, உள்ளே ஒன்று குடித்துக்கொண்டிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் இடுக்கியைப் பிடித்தபடியே மணலில் உட்கார்ந்துவிட்டார். நல்ல வேளை, இரண்டு கம்பிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி அது.

மெட்ராஸ் ஆஸ்பத்திரியில் பெருங்குடலில் கட்டி என்றார்கள். கட்டி என்ற சொல்லுக்குப் பின்னால் நின்றிருந்த இன்னொரு சொல்லை டாக்டர் என்னிடம் மட்டும் தனியாகச் சொன்னார். நான் அதை மாமாவிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் என் முகத்தைப் பார்த்தவர், "இன்னாடா மச்சான், மூஞ்சத் தொங்கப் போட்டுக்கினு கீற? புத்து எனுக்கா, உனுக்கா?" என்றார்.

குடலில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். கட்டி முழுசாக வந்துவிட்டது, பக்கத்தில் எங்கும் பரவினதாகக் கண்ணுக்குத் தெரியவில்லை என்றார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று வார்டில் இருந்த இளம் டாக்டர் என்னைக் கூப்பிட்டு, "வெளிக்குப் போறது கருப்பா போனா, உள்ள ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். ஒரு நாள் கூடத் தள்ளாம கூட்டினு வந்துடணும்" என்றார்.

மாமா அதைக் கட்டிலில் இருந்தே கேட்டுக்கொண்டார். அக்கா வராந்தாவில் துணி மூட்டையோடு நின்றிருந்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். சுற்றிலும் ஜனம். அக்காவிடம் போய் வெளிக்குப் போவதைப் பற்றி விளக்கிக்கொண்டிருக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அதை மட்டும் விழுங்கிவிட்டு, "கருப்பு வந்தா ஒடனே இஸ்துக்கினு வரணுமாம் கா" என்றேன்.

அக்கா கண்ணை அகல விரித்தாள். "டாக்டரேவா சொன்னாரு?"

"ஆமா கா. அவரே தான்."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மாமா எப்போதோ மில்லிலிருந்து கொண்டுவந்திருந்த ஒரு சாண் கம்பித் துண்டைத் தேய்த்துக் கழுவி, அவர் தலையணைக்கு அடியில் வைத்தாள். கத்தி பட்ட உடம்பு, பக்கத்தில் இரும்பு இருந்தால் எதுவும் அண்டாது. நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். நான் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

தையல் ஆறிற்று. ஆள் ஆறவில்லை. சோறு இறங்கியது, தூக்கம் வந்தது, ஆனாலும் கிணற்றடிக்குப் போய் வருவதற்குள் நெற்றியில் முத்து முத்தாக வேர்த்துவிடும். கட்டியை எடுத்த பிறகும் எதையோ எடுக்கவில்லை போல. முதல் தடவை திரும்பக் காட்டப் போனபோது, அந்த வார்டின் பெரிய டாக்டரம்மா மாமாவின் கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய இடம் உரித்த பனங்கிழங்கு போல இருந்தது.

பக்கத்து அறையில் ரத்தம் எடுத்தார்கள். விரல் நுனியில் ஒரு குத்து. ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் அந்த ரத்தத்தை விட்டு, மருந்தைக் கலந்து, அது பழுப்பாக மாறியதும், தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடுகிறார்கள். பக்கத்திலேயே ஒரு பழுப்புக் கண்ணாடி. குழாயின் நிறம் அந்தக் கண்ணாடியின் நிறத்துக்கு வெளுக்கும்வரை தண்ணீர். எவ்வளவு தண்ணீரைத் தாங்குகிறதோ அவ்வளவு ரத்தம் உடம்பில். மாமாவின் ரத்தம் அதிகம் தாங்கவில்லை. சொட்டு விட ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே அந்த ஆள் கையை எடுத்துவிட்டார்.

"ரத்தத்துல இரும்பு ரொம்பக் கம்மியா இருக்குப்பா" என்றார் டாக்டரம்மா.

மாமாவுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்துவிட்டது. "நான் இரும்புலயே பொரள்றவன் டாக்டரம்மா. எங்க ஊட்டு கஞ்சில கூட இரும்புப் பொடி கீது. எனுக்குப் போய் இரும்பு கம்மின்னா மில்லுல ஒருத்தனும் நம்ப மாட்டான்."

"கையில ஒட்டற இரும்பு வேற, ரத்தத்துல ஊறற இரும்பு வேற. அந்தக் கட்டி ரொம்ப நாளா உன் ரத்தத்தைக் கசிய விட்டிருக்கு. கட்டிய எடுத்தது பாதி வேலை தான். மீதி, ரத்தம் ஊறணும். ஊறுச்சுன்னா எழுந்து நடப்பே. ஊறலைன்னா ஒரு சின்ன ஜுரம் வந்தாக்கூட உடம்பு தாங்காது. நான் பாத்தது அப்படி."

சொன்ன தினுசில் ஈவு இரக்கமும் இல்லை, பயமுறுத்தலும் இல்லை. வானம் எப்படி இருக்கிறது என்று சொல்வது போலச் சொன்னார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டில் உயிர் என்பதற்கு ஒரு நிறம் வந்துவிட்டது. காலையில் எழுந்ததும் அக்கா வெளிச்சத்தில் நிறுத்தி அவர் இமையை இழுத்துப் பார்ப்பாள். நானும் பார்ப்பேன். பக்கத்து வீட்டுக்காரர்கூட ஒருநாள் பார்த்துவிட்டுப் போனார். "இன்னாடா இது, என் கண்ணு இன்னா கோயில் சன்னதியா, வர்றவன் போறவன்லாம் எட்டிப் பாக்கறீங்க?" என்று மாமா சலித்துக்கொள்வார்.

மருந்து வாங்குகிற இடத்தில்தான் எல்லாம் நடந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு. அப்போது அது ஒரு சன்னல், அதற்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை, எல்லார் கையிலும் காலி பாட்டில். வீட்டிலிருந்து கழுவி எடுத்துப் போக வேண்டும். சன்னலுக்குள் கம்பவுண்டர், ஆந்திராப் பக்கத்து ஆள், பெரிய ஜாடியிலிருந்து கருஞ்சிவப்பாக ஒரு மிக்சரை எங்கள் பாட்டிலில் ஊற்றினார். அளவு தெரிய ஓரத்தில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டினார். நீட்டும்போது, "நைனா, இத குடிச்சா கருக்கும். பயந்துக்காத" என்றார். அடுத்த பாட்டிலுக்குக் கை நீட்டிவிட்டார்.

"இன்னா கருக்கும்?" என்று மாமா என்னைப் பார்த்தார்.

எங்களுக்குப் பின்னால் நின்றிருந்தவர் உடனே தன் உதட்டைத் தூக்கிக் காட்டினார். முன்பற்கள் இரண்டும் கறை பிடித்திருந்தன. "பல்லு தான். இங்க பாரு. நாக்குல படாம குடிக்கணும்" என்றார்.

பல்லுதான் கருக்கும் என்று நாங்கள் வீட்டுக்கு வந்தோம்.

சமையலறைத் தண்ணீர் ஓடுகிற இடத்தில் ஒரு பப்பாளி மரம் இருந்தது. அதன் இலைக் காம்பு உள்ளே ஓட்டையாக இருக்கும். அக்கா தினமும் ஒரு காம்பை ஒடித்து, கழுவி, டம்ளரில் போட்டுக் கொடுப்பாள். மாமா அதைத் தொண்டைக்குப் பக்கத்தில் வைத்து மிக்சரை உறிஞ்சுவார். முகம் எட்டுக் கோணலாகும். "துருப் பிடிச்ச ஆணிய ஊறவெச்சுக் குடுக்கறாங்கடா" என்பார். குடித்து முடித்ததும் கண்ணாடியில் பல்லைப் பார்ப்பார். பல் வெள்ளையாகத்தான் இருந்தது. "கம்பவுண்டர ஏமாத்திட்டோம்" என்று அக்கா சொல்லுவாள். பம்பாயிலிருந்து எனக்கு வேலைக்கு ஆர்டர் வந்தது அந்த நாட்களில்தான். மாமா தேறினால் போவது, இல்லையென்றால் இல்லை என்று நினைத்துக்கொண்டு, சேர இன்னும் கொஞ்சம் காலம் வேண்டும் என்று எழுதிப்போட்டேன்.

திடீரென்று மாமாவின் பேச்சு நின்றது.

கோபம் இல்லை. வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். ஆனால் கிண்டல் நின்றுவிட்டது. கிண்டல் செய்யாத மாமா, ஓடாத மில் போல இருந்தார். அந்த அமைதியில் வேறு சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன. கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றுகிற சத்தம். கிணற்று உருளைக்கு எண்ணெய் போடுகிற சத்தம். கதவின் ஆடுகிற தாழ்ப்பாளுக்குப் புது ஆணி அடிக்கிற சத்தம். உட்கார்ந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி வாங்கி, எல்லாவற்றையும் சரி செய்தார். மிக்சரை மட்டும் மறக்காமல் குடித்தார். ஒருநாள் அக்காவை அழைத்துக்கொண்டு திருப்பாச்சூர் கோயிலுக்குப் போய் வர வேண்டும் என்றார். போனோம். சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, அக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது, என்னிடம் மெதுவாக, "பம்பாய்க்கு நீ போவாதடா. அக்காவுக்குத் தொணையா இங்கயே இரு" என்றார்.

ஏன் என்று கேட்கத் திரும்பினேன். ஆனால் அக்கா வந்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ரயில் பாதைக்கு அப்பால், ஏரிக்கரைக்குப் போகிற வழியில், கழற்றிப் போட்ட பழைய ஸ்லீப்பர் கட்டைகள் அடுக்கியிருக்கும். மாமா அதில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு கூட்ஸ் வண்டி கடந்து போயிற்று.

"வந்துட்ச்சிடா" என்றார்.

"இன்னா மாமா?"

"கருப்பு. டாக்டர் சொன்னாரே. கருப்பா தான் போவுது. தாரு கணக்கா கருப்பு."

"எப்போலேந்து?"

"ரெண்டு வாரம் இருக்கும். உங்க அக்காவாண்ட வாயத் தொறக்காத."

"ரெண்டு வாரமா? அன்னிக்கே சொல்லக் கூடாதா மாமா? ஒரு நாள்கூடத் தள்ளக் கூடாதுன்னாரே."

"சொன்னா இன்னா பண்ணுவ? இஸ்துக்கினு போவ. அவங்க மறுபடியும் வெட்டுவாங்க. இருக்கற கொடலு எவ்ளோடா? வெட்டி வெட்டி இன்னா, மால கட்டப் போறாங்களா?" சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "ரத்தம் போய்க்கினே கீதுன்னு தெரிஞ்சிச்சு. சரி, போற ரத்தத்துக்கு ஈடா ஊத்துவோம்னு மிக்சர ரெட்டையா குடிச்சேன். அப்பவும் நிக்கல. இன்னும் கருப்பாச்சு. வயிறு வேற கொடையுது. அதான் முடிவு பண்ணிட்டேன்."

அவர் வெயிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செந்தழல் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்புகிற மனிதர். ஏரிக்கரைக்குப் போய்விட்டு வருகிற ஒவ்வொரு விடியலிலும் தனியாகச் செத்துக்கொண்டிருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்ததும் கூரை ஓடுகளை மாற்றியிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. அழாமல் சண்டை போட்டேன்.

"நீ இன்னா டாக்டரா மாமா? நீயா முடிவு பண்ணுவியா? அக்காவாண்ட நான் போய்ச் சொல்லிடுவேன்."

"சொல்லித்தான் பாரேன். ஒன் பல்லு கருக்காது, கொட்டிடும்."

"வெட்ட வேணாம்னு நான் சொல்றேன். பாக்கறதுக்கு மட்டும் வா."

கடைசியில், "வெட்டணும்னா எழுந்து வந்துடுவேன். வேட்டி கட்டக்கூட நிக்க மாட்டேன், அப்படியே வந்துடுவேன்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை வண்டி. அக்காவிடம் மிக்சர் தீர்ந்துவிட்டது, வாங்கப் போகிறோம் என்று சொல்லியிருந்தோம். ஆனால் அவள் எதையோ மோப்பம் பிடித்துவிட்டாள். வாசல் வரை வந்து, தலையணைக்கு அடியில் இருந்த கம்பித் துண்டைத் துணியில் சுற்றி மாமாவின் பையில் போட்டாள். மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பொன்னேரி தாண்டும்வரை சன்னல் கம்பியைப் பிடித்தபடி வயல்களைப் பார்த்துக்கொண்டு வந்தார். நானும் என் பக்கத்துக் கம்பியைப் பிடித்திருந்தேன். அப்போதுதான் அந்த வாடை என் கையில் ஏறியது. இறங்கவே இல்லை.

டாக்டரம்மாவின் முன்னால் மாமா வாயைத் திறக்கவில்லை. பெண்பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? மேஜையின் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். நான்தான் சொன்னேன். கருப்பாகப் போகிறது, இரண்டு வாரமாக, இன்னும் இன்னும் கருப்பாக.

அவர் பேனாவை மூடி வைத்தார். எனக்கு அந்தப் பேனா மூடிய சத்தம் கேட்டது.

"ஒட்டுதா? தார் மாதிரி பிசுபிசுன்னு இருக்கா?"

மாமா இல்லை என்று தலையை ஆட்டினார்.

"கெட்ட நாத்தம் அடிக்குதா? வழக்கமா இல்லாத நாத்தம்?"

அதற்கும் இல்லை. பிறகு, மேஜைக் காலிடமே, "நெறம் மட்டும் தான்மா தாரு" என்றார்.

"மிக்சர் குடிக்கறியா?"

"ரெட்டையா குடிக்கிறான்மா இந்த மனுஷன்" என்றேன். மாமாவை அவன் என்று சொல்லிவிட்டேன். யாருக்கும் அது காதில் விழவில்லை.

டாக்டரம்மா மாமாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே அழைத்துப்போய், படுக்க வைத்து, வயிற்றை அழுத்திப் பார்த்து, கையுறை போட்டும் சோதித்தார். வெளியே வந்து கையைக் கழுவினார். "முதல்ல ரத்தம் பாக்கலாம். உள்ள ரத்தம் கசிஞ்சா, போன தடவையவிடக் குறைஞ்சிருக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

அதே அறை. அதே ஆள். விரலில் குத்து. மாமா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். நான் கதவுப் பக்கம் நின்று பார்த்தேன். குழாய், பழுப்பு, பக்கத்துக் கண்ணாடி. அவர் தண்ணீரை ஒரு சொட்டு விட்டார். கலக்கினார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இன்னொரு சொட்டு. போன தடவை அவர் கையை எடுத்த இடம் எனக்கு ஞாபகம் இருந்தது. அந்த இடம் வந்தது. அவர் கையை எடுக்கவில்லை. இன்னொரு சொட்டு விட்டார். தூக்கிப் பார்த்தார். இன்னும் வெளுக்கவில்லை. இன்னொரு சொட்டு. என் வாழ்நாளில் எந்த மழைக்கும் நான் அப்படிக் காத்து நின்றதில்லை. விடு, இன்னும் விடு, நிறுத்தாதே என்று மனசு கத்திக்கொண்டிருந்தது. அவர் தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தார். மாமாவின் ரத்தம் அதைத் தாங்கிக்கொண்டே இருந்தது.

டாக்டரம்மா சீட்டைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். சிரித்தார்.

"ஏம்பா, நல்லா ஏறியிருக்கு. கசிஞ்சா இப்படி ஏறுமா? இது நோயோட கருப்பு இல்ல. மருந்தோட கருப்பு. குடிக்கற இரும்புல உடம்பு கொஞ்சம் தான் எடுத்துக்கும். மீதி அப்படியே வெளிய வரும், கருப்பா. கம்பவுண்டர் சொல்லலயா?"

மாமா முதல்தடவையாகத் தலையை நிமிர்த்தினார். "சொன்னாரும்மா" என்றார். "கருக்கும், பயந்துக்காதன்னாரு. நாங்க பல்லுன்னு நெனச்சிக்கினோம்."

டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தார். பக்கத்தில் நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. பிறகு டாக்டரம்மா திட்டினார். இரட்டையாகக் குடித்ததற்குத் தனியாக, இரண்டு வாரம் சொல்லாமல் இருந்ததற்குத் தனியாக. வயிறு குடைந்ததும் அந்த இரட்டை மருந்தால்தான். "கட்டி திரும்ப வரவே வராதுன்னு என்னால சொல்ல முடியாது. கூப்பிடற போதெல்லாம் வந்து காட்டணும். பிசுபிசுன்னு, நாத்தத்தோட போனா அன்னிக்கே வரணும், வெட்டுவாங்கன்னு ஒளிஞ்சிக்கக் கூடாது. ஆனா ரத்தம் இப்படி ஊறறவங்க தேறி வர்றத நான் பாத்திருக்கேன். போ. அளவா குடி."

வராந்தாவுக்கு வந்தோம். மாமா ஒரு தூணில் கையை ஊன்றி நின்றார். அவர் உடம்பு நடுங்கியது. அழுகிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். சிரித்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல், தையலைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய.

"கூரைய வேற மாத்திட்டேனேடா" என்றார். "அந்தத் தாழ்ப்பா. மூணு வருசமா உங்க அக்கா சொல்லிக்கினு இருந்தா. சாவறதுக்கு முன்னாடி செஞ்சிடலாம்னு செஞ்சேன். ச்சே. அநியாயமா வேல செஞ்சிட்டேன்."

பிறகு பசிக்கிறது என்றார். வெளியே ஒரு கடையில் நாஷ்டாவுக்கு உட்கார்ந்தோம். இட்லி வந்தது, தீர்ந்தது, மறுபடியும் வந்தது. அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே நான் கையை முகர்ந்தேன். இரும்பு வாடை அப்படியே இருந்தது. அது எனக்கு முதல்தடவையாக நல்ல வாசனையாகப் பட்டது.

வீட்டில் அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். இனி மறைக்க ஒன்றுமில்லை. நான் எல்லாவற்றையும் சொன்னேன். கூச்சப்படாமல், ஒரு சொல்லையும் விழுங்காமல் சொன்னேன். அவள் வாயில் கை வைத்துக்கொண்டு கேட்டாள். கேட்டு முடித்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டது.

"அப்போ அன்னிக்கு டாக்டரு சொன்ன கருப்பு, காத்து கருப்பு இல்லயா?"

"இன்னாது?" என்றார் மாமா.

"இவன் தான சொன்னான், கருப்பு வந்தா இஸ்துக்கினு வரணும்னு டாக்டரு சொன்னாருன்னு. இங்கிலீசு படிச்ச டாக்டரே கருப்ப நம்புறாருன்னா சும்மாவான்னு தான தலமாட்டுல கம்பிய வெச்சேன்? ராத்திரில நீ பொரண்டு படுத்தாக்கூட எழுந்து கம்பி கீதான்னு பாப்பேன்."

மாமா பையைத் திறந்து துணி சுற்றிய கம்பியை எடுத்தார். உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். கருப்பை விரட்ட அவள் தலைமாட்டில் வைத்த இரும்பு. கருப்பைக் கொண்டுவந்து காட்டிய அந்த இன்னொரு இரும்பு வயிற்றுக்குள். இரண்டுக்கும் நடுவில் பிழைத்துக் கிடந்த மனிதர் அதை அக்காவிடமே திருப்பிக் கொடுத்தார். "வெளிய வெக்கற இரும்பையும் உடாத, உள்ள ஊத்தற இரும்பையும் உடாத. ரெண்டும் இருக்கட்டும். யாரு கண்டா, எது வேல செஞ்சிச்சோ" என்றார்.

அக்கா அப்போதுதான் அழுதாள். கூடவே அவர் முதுகில் ஒரு அடியும் வைத்தாள். "ரெண்டு வாரம். வாயில இன்னா கொழுக்கட்டயா வெச்சிக்கினு இருந்த?"

மிக்சர் இன்னும் பல மாதம் ஓடியது. பப்பாளி மரத்தில் கீழ்க் காம்பெல்லாம் தீர்ந்து, அக்கா ஸ்டூல் போட்டு ஒடித்தாள். மாமா மில்லுக்குத் திரும்பினார். இடுக்கிக்கு அவரை விடவில்லை. வெட்டிய கம்பிகளை எண்ணிக் கட்டுகிற பக்கம் போட்டார்கள். அதைப் பற்றி வாழ்நாள் முழுக்கக் குறைபட்டுக்கொள்ள அவருக்கு வாழ்நாள் கிடைத்தது. எத்தனையோ தடவை மெட்ராஸ் போய்க் காட்டினார். ஒவ்வொரு தடவையும் அக்கா பையில் கம்பியைப் போட்டாள். ஒவ்வொரு தடவையும் அவர் திரும்பி வந்தார். அதற்கப்புறம் பிறந்த மகளைக் கட்டிக் கொடுத்தபோது பந்தலில் நாள் பூராவும் நின்றவர், உட்காரச் சொன்னவர்களை எல்லாம் விரட்டினார். இதை எழுதுகிற இன்று காலைகூட அவருடைய கடிதம் வந்திருக்கிறது, மூட்டு வலி என்று. மூட்டு வலி. படித்துவிட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் என் மனசு நிற்கிற இடம் அதற்கெல்லாம் முன்னால். பம்பாய் போவதற்கு நான் கும்மிடிப்பூண்டியில் வண்டி ஏறிய காலை. மெட்ராஸ் போய் அங்கிருந்து பெரிய ரயில். அக்கா புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு, நிற்க முடியாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் போய்விட்டாள். மாமா சன்னலுக்கு வெளியே நின்றார். ஸ்டேஷன் கேட்டிலிருந்து பிளாட்பாரக் கடைசி வரை என் டிரங்குப் பெட்டியை அவர்தான் தூக்கி வந்திருந்தார். வழியில் எங்கும் பீடி பற்ற வைக்க நிற்கவில்லை. அதை இரண்டு பேரும் கவனித்தோம். கம்பிகளுக்கு இந்தப் பக்கம் என் கை, அந்தப் பக்கம் அவர் கை.

கார்டு கொடியை ஆட்டினார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நகர்ந்தது. எல்லாரும் கையாட்டினார்கள். மாமா கையாட்டவில்லை. கூடவே நாலு எட்டு வேகமாக நடந்து, மூச்சு வாங்காமல், சன்னலுக்கு முகத்தை நீட்டி, ஒரு விரலால் தன் கீழ் இமையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். காலை வெயில் நேராக அதில் விழுந்தது.

"நல்லா பாத்துக்கினு போடா மச்சான். இன்னா நெறம்?"

"செவப்பு மாமா."

"இன்னா, சத்தமா சொல்லு."

"செவப்பு மாமா, நல்ல செவப்பு."

"அப்போ கெளம்பு."